மாடு முட்டும்

எங்கள் ஆயாவின் வெற்றிலைச் செல்லத்தில் நாங்கள் கை வைத்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: "சின்னப் பசங்க வெத்தல போட்டா மாடு முட்டும்டா." உங்களில் பலரும் இதைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். சில வீடுகளில் நாக்கு தடித்துப் படிப்பு வராமல் போகும் என்பார்கள். மாடு எதற்குத் தேடி வந்து முட்ட வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை, 1960 வாக்கில், கல்யாண வீட்டுத் தாம்பாளத்திலிருந்து எடுத்துத் திருட்டுத்தனமாக மென்றுவிட்டு அப்படியே பள்ளிக்குப் போனேன். பிரெஞ்சு வாத்தியார் நாக்கை நீட்டச் சொன்னார். வகுப்பு முடியும்வரை முழங்காலில் நின்றேன். அவருக்கும் ஆயாவுக்கும் ஒரு பாஷையும் பொது இல்லை; இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

பிரம்மச்சாரிக்குத் தாம்பூலம் கூடாது என்பது பழைய சாஸ்திரம். கைம்பெண்களுக்கும் மறுத்தார்கள், அந்த அநியாயத்தைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு இல்லை என்ற விதியை எல்லா வீட்டிலும் காத்தார்கள். காப்பதும் சுலபம். பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வாய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெற்றிலையின் கெடுதலை மருத்துவர்கள் அப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் இருந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாய் உள்ளே இறுகிப்போயிருந்ததை விவரித்தார். எல்லாரும் பெரியவர்கள். பழி பெரும்பாலும் புகையிலை மேல் விழுந்தது. பிரான்சில் லியோன் நகரிலிருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைகூட 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைத்தான் புற்றுநோய் தருவது என்றது. பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும் என்று அறிவித்தது 2004இல்தான்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1970களில் வடக்கே டப்பாவில் வந்த பான் மசாலா, அடுத்த பத்தாண்டில் பொட்டலமாகச் சுருங்கிப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கியது. கூடவே இனிப்புப் பாக்கும். அதில் இலை கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, வாயும் சிவக்காது. மிட்டாய் வாங்கும் காசு போதும். ஆயா இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, ரசம் சாதமே எரிகிறது என்று தட்டைத் தள்ளத் தொடங்கினான். கொய்யாப்பழத்தைக் கடிக்க முடியவில்லை. அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் பல் மருத்துவரிடம் நானும் போனேன். மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வாயில் வைக்கச் சொன்னார் டாக்டர். இரண்டுதான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து வார் மாதிரி இருந்தது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் சதைக்குள் நாரை வளர்த்துக்கொண்டே போகுமாம்; இறுகியது பழையபடி இளகாதாம்.

"புகையிலையைத் தொட்டதே இல்ல தாத்தா. வெறும் பாக்குதான்" என்றான். பிரியாணி செரிக்கட்டும் என்று முதலில் வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று அவன் அம்மா அழுதாள்.

குமாஸ்தா புத்தி, சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. ஆனால் அது புகையிலைச் சட்டம். வெறும் பாக்கு அதில் வராது. பாக்குப் பொட்டலத்தின் பின்புறம் உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சடித்திருக்கிறது. படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

பையன் பாக்கை விட்டுவிட்டான். தினமும் காலையில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து வாயைத் திறக்கப் பழகுகிறான். போன மாதம் 17 குச்சி. நேற்று மாடிப்படியில் பார்த்தபோது 18 என்றான்.