கல்லாவில் நிற்பவருக்கு எவ்வளவு சம்பளம்? முத்தரப்பும் பேசி வைத்த கணக்கு

சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பவரின் சம்பளத்தை முடிவு செய்வது யார் என்று கேட்டால், "முதலாளிதான், வேறு யார்?" என்றுதான் பதில் வரும். 2022 செப்டம்பர் 1 முதல் அந்தப் பதில் பாதிதான் சரி. சில்லறை வர்த்தகத் துறைக்கான படிப்படியான சம்பள உயர்வு முறை அன்றுதான் நடப்புக்கு வந்தது. அதன்படி காசாளர், கடை உதவியாளர் ஆகிய தொடக்கநிலை ஊழியர்களுக்கு மாதம் குறைந்தது 1,850 வெள்ளி தரவேண்டும். அது 2023 செப்டம்பரில் 2,015 வெள்ளியாகவும் 2024 செப்டம்பரில் 2,175 வெள்ளியாகவும் உயர்ந்தது. மூத்த உதவியாளர், மேற்பார்வையாளர் ஆகியோருக்கு அதற்கு மேல் தனித்தனிப் படிகள் உள்ளன.

இந்தத் தொகைகளை அரசாங்கம் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி), முதலாளிகள் தரப்பு, மனிதவள அமைச்சு உள்ளிட்ட அரசாங்க அமைப்புகள் ஆகிய மூன்று தரப்பும் சில்லறை வர்த்தகத்துக்கான முத்தரப்புக் குழுவில் பேசி, பரிந்துரை எழுதி, அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பேச்சு என்றால் இழுபறியும் உண்டு. வாடகை, கூலி, இணையக் கடைகளின் போட்டி என்று கடைக்காரருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கும் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே துறையில் யூரோகாமர்ஸ் என்ற முதலாளிகள் அமைப்பும் யூனி யூரோப்பா என்ற தொழிற்சங்க அமைப்பும் நெடுங்காலமாகப் பேச்சு நடத்துகின்றன. தொலைவிலிருந்து வேலை செய்வது பற்றி 2001-இல் ஓர் உடன்பாடு கண்டன. வாடிக்கையாளர் ஊழியரைத் திட்டுவது, அடிப்பது போன்றவற்றைத் தடுக்க 2010-இல் மற்றத் துறைகளோடு சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டன. ஆனால் அந்த மேசையில் சம்பளம் பேசப்படுவதில்லை. அது அந்தந்த நாட்டின் பாடு. சிங்கப்பூரில் முத்தரப்பு மேசையின் நடுவில் வைக்கப்படுவதே சம்பளம்தான்.

இந்த ஒத்துழைப்பு எப்போதும் இருந்ததல்ல. 1954-இல் லிம் சின் சியோங் வழிநடத்திய சிங்கப்பூர் ஆலை, கடை ஊழியர் சங்கம் ஒரே ஆண்டில் சில நூறு பேரிலிருந்து பல்லாயிரம் பேராக வளர்ந்தது. வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஹாக் லீ பேருந்துக் கலவரம் 1955-இல் நடந்தது. 1956 அக்டோபரில் தலைவர்கள் கைதானதோடு அந்தச் சங்கத்தின் காலம் ஏறக்குறைய முடிந்தது. கடை ஊழியர் என்ற சொல் சங்கத்தின் பெயரிலேயே இருந்த அந்தக் காலத்தை இன்றைய பேரங்காடி ஊழியர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1965-இல் தொழில் முன்னேற்றச் சாசனம் கையெழுத்தானது. 1968-இல் சட்டம் மாறியது. பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலைக்கு எடுப்பது ஆகியவை தொழிற்சங்கம் பேரம் பேச முடியாத விவகாரங்கள் ஆயின. ஒத்துழைப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு ஊழியர் தரப்பு முன்பணமாகக் கொடுத்த விலை அது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான். அடுத்து 1972-இல் தேசிய சம்பள மன்றம் வந்தது. முத்தரப்பும் ஆண்டுதோறும் சம்பளம் பேசும் பழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

இடையில் 1969 நவம்பரில் என்டியுசி நடத்திய கருத்தரங்கு முக்கியமானது. அப்போது தொழிற்சங்க இயக்கத்தை வழிநடத்தியவர், மலாக்காவில் ரப்பர் தோட்டக் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்து, 1981-இல் நாட்டின் அதிபரான சி.வி.தேவன் நாயர். சங்கம் கூட்டுறவுக் கடைகளும் காப்புறுதியும் நடத்தலாம் என்ற எண்ணம் அங்கே உருவானது. 1973 ஜூலையில் தோ பாயோவில் 'வெல்கம்' பேரங்காடி திறக்கப்பட்டது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. 1983-இல் மற்றொரு கூட்டுறவு அமைப்போடு இணைந்து அது ஃபேர்பிரைஸ் ஆனது. சில்லறை வர்த்தகத்தில் ஊழியருக்காகப் பேசும் இயக்கமே அந்தத் துறையின் மிகப் பெரிய முதலாளிகளில் ஒன்றாகவும் இருப்பது உலகில் அபூர்வம். இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்காரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கடை நடத்தும் கஷ்டம் தெரிந்தவர் பேசுவதால் பேச்சு வேகமாக முடிகிறது என்பதும் உண்மை.

சரி, தேக்கா பக்கம் வருவோம். ஒரு கடையில் உள்ளூர் ஊழியர் இரண்டு பேர், வேலை அனுமதியில் ஜொகூரிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்த ஊழியரில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால், இரண்டு பேருக்கு ஒருவர் என்பது சரியான கணக்கு. வெளிநாட்டவர் ஒருவர் இருந்தாலே போதும், அந்தக் கடை படிப்படியான சம்பள முறைக்குள் வந்துவிடும். உள்ளூர் ஊழியர் இருவருக்கும் உரிய அளவு சம்பளம் தரவேண்டும், குறைந்தது ஒரு பயிற்சியாவது முடிக்கவைக்க வேண்டும். பகுதிநேர ஊழியருக்கு மணிக்கணக்கின்படி விகிதம். மீறினால் வேலை அனுமதி பெறும் சலுகை நிறுத்தப்படலாம். குடும்பத்தாரே நடத்தும், வெளிநாட்டவர் யாரும் இல்லாத கடையை இந்த விதி கட்டுப்படுத்தாது.

அந்த ஜொகூர்ப் பெண்ணுக்கு இதில் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. இந்தச் சம்பளப் படிகள் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. விடியுமுன் எழுந்து காஸ்வே கடந்து வருபவர், பக்கத்தில் நிற்பவரோடு அதே அரிசி மூட்டையை அடுக்கினாலும், அவருடைய சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியதுதான். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வருகிறார்கள். அவர்கள் இந்த மேசைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1,850-இலிருந்து 2,175 என்றால் இரண்டே ஆண்டில் ஒருவருக்கு மாதம் 325 வெள்ளி கூடுகிறது. இந்தச் சுமையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. தகுதிபெறும் சம்பள உயர்வில் 2022, 2023 ஆண்டுகளில் 75 விழுக்காடு, 2024-இல் 50, 2025-இல் 40, 2026-இல் 20 என்று அந்தப் பங்கு இறங்கிக்கொண்டே போகிறது. கைத்தாங்கல் குறையக் குறைய, பொருளின் விலையை ஏற்றுவதா, ஆளைக் குறைப்பதா என்ற யோசனை சிறிய கடைகளுக்கு வரத்தான் செய்யும். பெரிய சங்கிலிக் கடைகள் தாங்கிக்கொள்ளும்.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நிறுவனத்தில் தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற, ஊழியர்களில் பெரும்பான்மையினர் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கூட்டு ஒப்பந்தம், அதைத் தொழில்துறை நடுவர் நீதிமன்றம் பதிவுசெய்வது எல்லாம். மூன்று பேர் வேலை பார்க்கும் கடையில் யார் சங்கம் அமைப்பார்? அங்கே வேலை பார்ப்பவர் தனியாக ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினராகலாம். சம்பளத் தகராறு வந்தால் சங்கம் உடன் வந்து முத்தரப்புச் சமரசப் பேச்சில் உட்காரும். 2017-இல் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் தொடங்கியபோதே இதற்கு ஒரு சலுகை வைத்தார்கள். சாதாரணமாகக் கோரக்கூடிய உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் உடன் வந்த சமரசப் பேச்சு வழியாகச் சென்றால் 30,000 வெள்ளி. உள்ளூர்க்காரர், வேலை அனுமதியில் வந்தவர் என்ற பேதம் சம்பளப் பாக்கியைக் கேட்பதில் இல்லை.

வேலையில் இருக்கும்போது பாக்கியைக் கோர ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். அடிப்படைச் சம்பளம், மிகைநேரச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கவேண்டும். படிப்படியான சம்பள அளவை எட்டியிருக்கிறதா என்று பார்க்கும்போது மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடக்கூடாது. "ஓட்டியோடு சேர்த்து வந்துவிடுகிறதே" என்று சொல்லும் கடைக்காரரிடம் சீட்டில் உள்ள அந்த வரியைக் காட்டுங்கள்.