பாயார் தீவுக் கடற்பூங்கா

பாயார் தீவுக் கடற்பூங்கா, மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த கடற்காப்பகம். மலாக்கா நீரிணையின் வடபகுதியில், லங்காவித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய தீவுகளும் சூழ்ந்த கடலும் இதில் அடங்கும். இத்தீவுகளில் ஊர் கிடையாது. அவற்றுள் பெரியதான பாயாரே 2 கிலோமீட்டர் நீளம்கூட இல்லை. செங்குத்தான பாறையும் காடும் போக, மணற்கரை கொஞ்சமே.

காப்பகமான வரலாறு

தீபகற்ப மலேசியாவின் சேறு கலங்கிய மேற்குக் கரைக் கடலில் பவளப்பாறை அரிது. பாயாரைச் சுற்றி அது செழித்திருந்ததால், 1985ஆம் ஆண்டு இப்பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் கடற்பூங்கா ஆணைப்படி, தாழ்நீர்க் கோட்டிலிருந்து 2 கடல் மைல் வரை பாதுகாப்பு உண்டு. அந்த எல்லைக்குள் மீன் பிடிக்கவும் பவளம் எடுக்கவும் தடை.

நிலம் ஒருவர் கையில், நீர் ஒருவர் கையில்

மலேசிய அரசமைப்பில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கடல் மீன்வளம் கூட்டரசின் அதிகாரம். ஆகவே கடற்பூங்கா ஆணை தீவைச் சுற்றிய நீரைக் காக்கிறதே தவிர, தீவின் நிலத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. இதன் விளைவைத் திரெங்கானு மாநிலத்தின் ரெடாங் தீவு காட்டியது. சுற்றுக்கடல் காப்பகமாக இருந்தும், 1990களில் அங்கே தனியார் உல்லாச விடுதியும் கோல்ஃப் திடலும் எழுந்தன. காடு அழிந்தால் மண் கரைந்து பவளத்தை மூடும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தனர்.

சுற்றுலா

லங்காவி 1987இல் வரியில்லாத் தீவானது; 1990இல் அதற்கென மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அங்கு வந்த பயணிகள் பாயாருக்கும் படகேறினர். பாயாரில் விடுதி எழவில்லை. காலையில் வந்தவர்கள் மாலையில் திரும்பினர். ஆனால் 1990களில் தனியார் மிதவைமேடை ஒன்று தீவருகே நங்கூரமிட்டது. அதனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் வந்திறங்க முடிந்தது. குடியேற்றம் இல்லாமலே நெரிசல் வந்தது. பவளத்தின்மேல் நிற்பதும் மீன்களுக்குத் தீனி போடுவதும் பவளப்பாறையை நலிவித்தன. 2010இல் கடல் சூடேறியதால் மலேசியக் கடற்பூங்காக்களில் பவளம் வெளுத்தது. முக்குளிக்கும் இடங்கள் பல தற்காலிகமாக மூடப்பட்டன.

மதிப்பீடு

பாயாரைக் குடியேற்றத்திலிருந்து இதுவரை காத்ததில் அதன் செங்குத்துப் பாறைக்குப் பங்குண்டு. ஆனால் பாறையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. தீவின் மண்ணை எவருக்கும் குத்தகைக்கு விடுவதில்லை என்று மாநிலமும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கூட்டரசும் உறுதியாக நின்றால்தான் பவளம் பிழைக்கும். அங்கே பெருகும் மீன் எல்லை தாண்டியும் நீந்தும். கரையிலுள்ள கோலக்கெடா மீனவரின் வலைக்கும் அதில் பங்குண்டு. பாயாரைக் காப்பது கெடா மக்களின் சோற்றைக் காப்பதும் ஆகும்.