ஆற்றுத் தூண்டிலும் ஆழ்கடலும்

அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரை வீரர்களைப் பற்றிய புதினங்களால் பெரும்புகழ் ஈட்டியவர் சேன் கிரே (1872-1939). எழுத்தாளராவதற்கு முன்னர் அவர் பல் மருத்துவர். அதற்கும் முன்னரே தூண்டிற்காரர். ஒஹாயோ மாநில ஆறுகளில் சிறுவனாகத் தூண்டிலிட்டுப் பழகியவருக்கு, நியூயார்க்கில் தொழில் நடத்திய நாள்களில் டெலவேர் ஆறே புகலிடமாயிற்று. 1902இல் அச்சேறிய அவருடைய முதற்கட்டுரையும் அவ்வாற்றில் கழித்த ஒரு நாளைப் பற்றியதே. 1905இல் மணமுடித்தபின், இரண்டு ஆறுகள் கூடும் லேக்கவாக்சன் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். அங்கு அவர் நாடியது பாஸ் என்னும் நன்னீர் மீன். ஐந்து இராத்தல் தேறினால் அதுவே பெருமீன். பாறையின் நிழலையும் நீரின் சுழிப்பையும் கண்டு மீனின் இருப்பிடத்தைச் சொல்லும் திறம் அவருக்கு வாய்த்திருந்தது.

கடலில் நிழலும் இல்லை, சுழிப்பும் இல்லை. கலிபோர்னியாவை அடுத்த காட்டலினாத் தீவில், 1898 ஜூன் முதல் நாள், சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் என்பார் 183 இராத்தல் எடையுள்ள சூரை மீனைக் கைத்தூண்டிற்கோல் கொண்டே பிடித்துக் காட்டினார். அவ்வாண்டே அங்குத் தோன்றிய சூரைச் சங்கம், மெல்லிய கோலும் மெல்லிய நூலுமே கொள்ளவேண்டும் என விதி வகுத்தது. அக்காலத்து உருளைகள் கொடியவை. மீன் பாயும்போது கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று விரல் முட்டிகளை நொறுக்கும். நூலின் ஓட்டத்தைத் தோல் துண்டொன்றைக் கட்டைவிரலால் அழுத்தியே தடுக்கவேண்டும். 1913இல் வில்லியம் போஷன் 355 இராத்தல் வாள்மீனைப் பிடித்தபோதுதான், உருளைக்குள்ளேயே தடை பொருத்தும் முறையின் பயன் யாவர்க்கும் புலனாயிற்று.

இத்தகைய களத்தில் கிரே மீண்டும் மாணவரானார். ஆற்றில் கற்ற பொறுமை உதவியது. மற்றவை பெரிதும் உதவவில்லை. பல பருவங்கள் முயன்றபின், 1920இல் 418 இராத்தல் வாள்மீன் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே திருமதி கீத் ஸ்பால்டிங் என்னும் அம்மையார் 426 இராத்தல் வாள்மீனைப் பிடித்துவிட்டார். ஒரு பெண்மணியால் அஃது இயலுமோ என ஐயுற்றுப் பேசிய கிரே, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பின்பு சங்கத்தினின்றும் விலகினார். மீனிடம் காட்டிய பொறுமையை மனிதரிடம் அவர் காட்டவில்லை என்றே கொள்ளவேண்டும்.

உள்ளூர்க் கடல் கசந்ததும் புதிய இனங்களைத் தேடும் வேட்கை மிகுந்தது. தமக்கெனப் பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கினார். 1926இல் நியூசிலாந்தின் தீவுகள் விரிகுடாவில் முகாமிட்டு, அங்குள்ளோர் மும்முனை முள் கொண்டு மீன் பிடிக்கும் முறையை வெளிப்படையாகவே பழித்தார். அவர்களும் அவரைப் பழித்தனர். அப்பருவத்தில் அவருடைய தோழர் லாரி மிட்சல் 976 இராத்தல் கருமார்லினைக் கரைசேர்த்தார். 1930இல் தாஹிதிக் கடலில் கிரே பிடித்த நீலமார்லின் 1,040 இராத்தல். ஆயிரம் இராத்தலைத் தாண்டிக் கோலால் பிடிபட்ட முதல் மீன் அதுவென்பர். எனினும் அதனைப் படகில் சேர்க்குமுன் சுறாக்கள் சதையைக் கடித்துச் சென்றுவிட்டன. எனவே முழு மீனின் எடை எவ்வளவு என்பதை எந்தத் தராசும் காணவில்லை.

புதிய இனம் என்பதிலும் இத்தகைய குறையே நேர்ந்தது. டேவிட் ஸ்டார் ஜோர்டன் முதலான மீனியல் அறிஞர், 1926இல் வெளிவந்த ஆய்வில், பசிபிக் மயில்மீனைத் தனியினமாகக் கொண்டு, கிரேயின் நினைவாக 'இஸ்டியோபோரஸ் கிரேயி' எனப் பெயரிட்டனர். தூண்டிற்காரர் ஒருவருக்கு இதனினும் பெரிய பட்டம் வேண்டுமோ! ஆயினும் இத்தகைய பேருருவங்களை முழுமையாகப் பதப்படுத்தி வைத்தல் அரிது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் போதா. பிற்கால ஆய்வில், இந்தியப் பெருங்கடலின் மயில்மீனும் இதுவும் ஒன்றே எனத் தெளிந்தனர். அதற்கு ஜார்ஜ் ஷா 1792இலேயே 'பிளாட்டிப்டெரஸ்' எனப் பெயர் சூட்டியிருந்தமையால், முந்திய பெயர் நிலைத்தது. கிரேயின் பெயர் நீங்கிற்று. முதுகுத் துடுப்பை மயில்தோகையாகக் கண்டு தமிழகக் கடற்கரையினர் பெயரிட்டதும், பாயாகக் கண்டு மலாய் மீனவர் 'இக்கான் லாயாரான்' என்றதும் இம்மீனையே. பகாங் மாநிலத்து ரொம்பின் கடலில் தூண்டிற்காரர் தேடிவருவதும் இதனைத்தான். கிரேக்குப் புதியதாயிருந்த அது, இக்கரையோரங்களில் பழகிய மீன்.

பிற்காலத்தில் கிரே ஓரிகன் மாநிலத்து ஆறுகளுக்கே மீண்டும் மீண்டும் சென்றார். 1937இல் அம்பக்குவா ஆற்றில் மீன்பிடிக்கச் சென்றிருந்தபோது பக்கவாதம் தாக்கிற்று. ஓரளவு தேறினாரேனும் ஈராண்டில் மறைந்தார். அவருடைய சாம்பலும் மனைவியின் சாம்பலும் லேக்கவாக்சனில், டெலவேர் ஆற்றுக்கு அருகே, ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளன.