நெய்தலும் நீராடுதுறையும்: சாட்டிக் கரையின் மாற்றம் குறித்துச் சில கருத்துகள்

தீவகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஊர்காவற்றுறையின் துறைமுகத்தையும் சுங்கத்தையும் கோட்டையையுமே மையமாகக் கொண்டனர். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவின் தென்கரையிலுள்ள சாட்டி, அவ்வெழுத்துக்களில் ஒரு திருத்தலத்தின் பெயராகவோ நன்னீர்க் கிணறுகளின் பெயராகவோதான் தலைகாட்டும். இன்றோ யாழ்ப்பாணத்தாருக்குச் சாட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது விடுமுறை நாளிற் குளிக்கப் போகும் கடற்கரையே. இம்மாற்றத்தை ‘அபிவிருத்தி’ என்னும் ஒரு சொல்லால் விளக்கி அமைதிகாணும் போக்கு எமது ஆய்வுலகிலும் புகுந்துவிட்டது. ஆதலின், அதன் பொருளியல் அடிப்படையை நோக்குதல் வேண்டும்.

தீவகத்தைச் சூழ்ந்த கடல் ஆழங்குறைந்தது. களங்கண்டி, கரைவலை, நண்டுவலை முதலியன இவ்வாழமின்மைக்கு ஏற்ப வளர்ந்த உற்பத்திக் கருவிகள். வாடையும் சோளகமும் தொழிலின் நாட்காட்டியாயிருந்தன. சாட்டியில் எழுந்த சிந்தாத்திரை மாதா ஆலயம் கடற்பயணத்தின் காவலாக வணங்கப்படுவது. உழைப்பின் ஆபத்து வழிபாட்டிலே பதிந்திருப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், அக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாறாகாது. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையன. உழைத்தவனுக்குக் கிடைத்தது பங்கு, அதிலும் முற்பணக் கடன் கழிந்த எச்சம். 1950களின் பிற்பகுதி தொடக்கம் நைலோன் வலையும் இயந்திரப் படகும் வடபகுதியிற் பரவின. பிடிபாடு பெருகியது, 1983க்கு முன்னர் இலங்கையின் மீனுற்பத்தியில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாமல் யாழ்ப்பாண மாவட்டமே அளித்தது. ஆயினும், மூலதனமற்றவன் பிறர் படகிற் கூலியாளாகவே நின்றான். நிலவுடைமையை மதிப்பின் அளவுகோலாகக் கொண்ட வேளாள மேலாதிக்கச் சமூகம் அவனைக் கரையிலேயே நிறுத்திவைத்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவில் பருவத்துக்கு வாடியமைத்துத் தொழில்செய்த மீனவரை நாவலின் மையத்துக்குக் கொண்டுவந்தமை இப்பின்னணியில் வைத்தே மதிக்கப்பட வேண்டியது.

மீன்பிடிக் கிராமம் உல்லாசத் தலமாவது உலகில் புதிதன்று. இங்கிலாந்தின் கோர்ண்வால் கரையிலுள்ள சென்ற் ஐவ்ஸ் சாளையினத்து மீனால் வாழ்ந்த ஊர். அங்கு 1877இல் வந்த புகையிரதம் மீனை வெளியே கொண்டுசென்றது. மீன்கூட்டங்கள் அருகியபோது அதே தண்டவாளம் ஓவியரையும் பின்னர் உல்லாசப் பயணிகளையும் உள்ளே கொண்டுவந்தது. கடலின் வளமும் சந்தையும் தளர்ந்த பின்னரே கரை காட்சிப் பொருளாயிற்று.

சாட்டியின் வரலாறு இவ்வொழுங்கிற் செல்லவில்லை. இங்கு மீன் அருகித் தொழில் ஓயவில்லை. போர் தொழிலை நிறுத்திற்று. 1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கினர். 1991இல் வேலணைத் தீவு முழுவதும் அவர்கள் வசமாயிற்று. மக்களிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். எஞ்சியோருக்கும் பின்னர் திரும்பியோருக்கும் கடல் என்பது அனுமதிச்சீட்டும் நேரக்கட்டுப்பாடும் கடற்படைக் காவலுமாக மாறிற்று. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2009இல் போர் முடிந்த பின்னரும், நயினாதீவின் நாகவிகாரைக்கும் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் செல்லும் யாத்திரிகர் குறிகாட்டுவான் வீதியிற் பெருகினர். சாட்டி அவ்வீதியை ஒட்டியது. பேருந்துகள் நின்றன, குளித்தனர், குடில்களும் கடைகளும் எழுந்தன.

உல்லாசப் பயணத்துறைக்கென 1967இல் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் தெற்கு, கிழக்குக் கரைகளைப் பேசியது, வடகரையைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே, சாட்டியை உல்லாசத் தலமாக்கியது திட்டமன்று, வீதியே எனலாம். மறுபுறம், கரைக்குத் திரும்பிய மீனவனின் வலையை இந்திய இழுவைப் படகுகள் அறுத்தன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் அவை நிற்கவில்லை. தொழிற்களமாக மீள்வதற்கு முன்னரே கடல் காட்சியாக மீண்டுவிட்டது. இம்முன்பின்னே எமது வாதத்தின் மையம்.

இலக்கிய மாணவருக்கு இது பழகிய ஒரு வகைப்பாட்டை நினைவூட்டும். சங்கச் செய்யுள்களை உழைப்பாளர் இலக்கியமெனக் கொள்ள நாம் ஒருப்படோம்; எனினும் திணைமரபு, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தவிடத்தும், அந்நிலத்தாரின் உணவையும் தொழிலையும் கருப்பொருளாகப் பாட்டினுள் இருத்தியது. உல்லாசப் பயண விளம்பரமோ முதற்பொருளை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதில் மணலும் மாலையும் உண்டு. வலை உலர்த்துபவன் இல்லை, மீன் கருவாடாக்கும் பெண் இல்லை. இருந்தால் நாற்றம் என்பர்.

வருபவர் யாவரும் அந்நியருமல்லர். கோடை விடுமுறையில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து சாட்டியில் நீராடுவோருள், இத்தீவிலிருந்து துரத்தப்பட்டவரும் அவர்தம் பிள்ளைகளும் உளர். இடம்பெயர்ந்தவரே பயணியாகத் திரும்புவது எமது வரலாற்றின் தனித்தன்மை. அவர்களது பூட்டிய வீடுகள் பல ஊர்களில் நிற்கின்றன. சென்ற் ஐவ்ஸ் மக்கள் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிய வீடுகள் விடுமுறை வீடுகளாவதைத் தடுக்க 80 வீதத்துக்கும் மேற்பட்ட ஆதரவளித்தனர். அங்கு வெளியாரின் பணம் விலையேற்றிற்று. இங்கு உறவினரின் பணமே அதனைச் செய்யக்கூடுமாதலின் எதிர்ப்பும் அத்துணை எளிதன்று.

இவையனைத்தினும் உடனடியானது நீர்ப் பிரச்சினை. சாட்டியின் மணல் வெறும் அழகன்று. மழைநீர் மணலினூடும் சுண்ணக்கல்லினூடும் இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாகத் தங்குகிறது. உவர்க் கிணறுகளையுடைய தீவக ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் இங்கிருந்தே சென்றது. உணவகமும் விடுதியும் கழிப்பிடமும் பெருகினால், இறைப்பதும் கழிப்பதும் அதே மணலில்தான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியில் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதியை வேண்டுகிறது. அவ்வனுமதி கேட்கப்படும்போது வள்ளம் இழுக்கும் இடம் எது, நீர் அள்ளும் கிணறு எது என்று சொல்வதற்குக் கடற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்தையும் பிரதேச சபையையும் தவிர வேறு அமைப்பு அவ்வூர் மக்களுக்கு இல்லை.