அரிப்புக் கரையின் உப்புக்கொத்தி

உப்பளப் பாத்தியோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தப் பறவைக்கு ஏன் உப்புக்கொத்தி என்று பெயர் வந்தது என்று புரிந்துவிடும். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், சேற்றில் ஒரு கொத்து, மறுபடியும் ஓட்டம். உடம்பு சிட்டுக்குருவி அளவுதான், கால் மட்டும் நீளம். மணல் நிறத்தில் முதுகு இருப்பதால் ஓடும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நின்றால் மறைந்துபோகும்.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தி, நூறு வருஷத்துக்கும் மேலாக வேறொரு பறவையின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கதையைத்தான் குறித்துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த வேறொரு பறவை கென்டிஷ் உப்புக்கொத்தி. லின்னேயஸ் 1758-இல் எகிப்திலிருந்து வந்த பறவையைப் பார்த்து அலெக்சாண்ட்ரைனஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஆங்கிலேயர்களோ தங்கள் கென்ட் மாவட்டக் கரையில் கிடைத்ததால் அதைக் 'கென்ட்காரன்' ஆக்கினார்கள். இதுல வேடிக்கை என்னன்னா, இப்போது கென்டில் அது முட்டையிடுவதில்லை. கூட்டைத் தேடித் தேடி முட்டை சேகரித்தவர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பெயர் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

1915-க்கு வருவோம். லண்டனிலிருந்து வெளிவந்த 'ஐபிஸ்' இதழில் எர்ன்ஸ்ட் ஹார்டெர்ட்டும் ஆனி ஜாக்சனும் கரைப்பறவைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹார்டெர்ட், ட்ரிங் ஊரில் வால்டர் ராத்ஸ்சைல்டு வைத்திருந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். இலங்கையின் வடமேற்கே, மன்னாருக்குத் தெற்கிலுள்ள அரிப்பிலிருந்து வந்த பறவையை அவர்கள் தனியாகப் பிரித்து, 'சீபோமி' என்று பெயரிட்டார்கள். ஷெஃபீல்டில் உருக்குத் தொழில் நடத்திக்கொண்டே உப்புக்கொத்திக் குடும்பம் முழுவதற்கும் ஒரு பெரிய நூல் எழுதிய ஹென்றி சீபோமின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் 1895-லேயே இறந்துவிட்டார்.

அரிப்பு என்றால் முத்துக்குளிப்பு. முத்துப் பருவத்தில் தோணிகளும் கூடாரங்களும் வியாபாரிகளும் நிறைந்து, பருவம் முடிந்ததும் காலியாகிவிடும் கரை. அங்கே முத்து தேடியவர்களின் கணக்கு ஏடு ஏடாக இருக்கிறது. காலடியில் ஓடிய பறவைக்கோ ஒரு லேபிள்தான்.

ஆனி ஜாக்சனைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் பறவையியலுக்குள் நுழைவதே அபூர்வமாக இருந்த காலத்தில் கரைப்பறவைகளின் இறகு மாற்றத்தைப் பிடிவாதமாகப் படித்தவர். 1921-இல் ரிச்சர்ட் மெய்னெர்ட்சாகனை மணந்தார். 1928-இல் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். விபத்து என்று பதிவானது. கணவரோ பிற்காலத்தில் அருங்காட்சியக மாதிரிகளைத் திருடி லேபிளை மாற்றியவர் என்று அம்பலமானவர். எனக்கென்னவோ, அவரைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்காவது ஆனிக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

சரி, பறவைக்கு வருவோம். பெயர் கிடைத்தும் அது தனி இனமாக நிற்கவில்லை. கென்டிஷ் உப்புக்கொத்தியின் சின்ன உள்ளினம், அவ்வளவுதான் என்று கைநூல்களில் ஒரு வரியாகச் சுருங்கியது. காரணம் சோம்பல் மட்டுமல்ல. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து அசல் கென்டிஷ் பறவைகள் இதே சேற்றுவெளிக்கு வலசை வருகின்றன. ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் மேயும்; அந்தச் சமயம் இறகுக்கோலமும் மங்கியிருக்கும். பறவை பார்க்கிறவர்கள் கரைக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். வேனலில் வந்தவை திரும்பிவிடும், உள்ளூர்க்காரப் பறவை மட்டும் தங்கி முட்டையிடும். அந்தக் கொளுத்தும் வெயிலில் உப்பளத்துக்கு யார் போகிறார்கள்?

ஆனால் அடையாளம் தெளிவாகத் தெரிவது அந்த இனப்பெருக்கக் கோலத்தில்தான். கென்டிஷ் ஆணுக்கு அலகிலிருந்து கண்வரை ஒரு கறுப்புக் கோடு. நம் பறவைக்கு அந்த இடம் வெள்ளை. அதன் கால் கறுப்பு, இதன் கால் சாம்பல். உடம்பும் சிறிது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட குழு இந்த வேறுபாடுகளோடு மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, அதே 'ஐபிஸ்' இதழில் 2023-இல் முடிவை வெளியிட்டது. இந்தப் பறவை பிரிந்து சுமார் 12 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன, தனி இனம்தான். ராமர் பாலத்தை நினைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பொதுப்பெயர் வைத்தார்கள். மணலைக் கிளறுகிற இத்தனூண்டு உருவத்துக்கு அணிலின் பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி. இருக்கட்டும்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். கென்டிஷ் உப்புக்கொத்தி ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவியிருக்கிற பறவை. அந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணும்வரை, தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் நூறு கூடு அழிந்தாலும் மொத்தத்தில் ஒரு பொட்டுக்கூடக் குறைந்ததாகத் தெரியாது. இப்போது அந்த இனத்துக்கு இருப்பதே இந்தச் சின்னக் கரைப்பகுதிதான்.

கூடு என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். மணலில் மார்பை அழுத்திச் சுழன்று ஒரு சின்னக் குழி, ஓரத்தில் கொஞ்சம் கிளிஞ்சல் துண்டு. பெரும்பாலும் மூன்று முட்டைகள், மணல்மேல் மை தெளித்த மாதிரி. தண்ணீருக்கு எட்டின தூரத்தில், ஆனால் நனையாத திட்டாக இருக்க வேண்டும்: மணல்மேடு, வற்றிய களப்பு, உப்பளத்து வரப்பு. இந்தக் குடும்பத்துப் பறவைகள் உச்சி வெயிலில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. ஆகவே பக்கத்துத் தண்ணீர் தீனிக்கு மட்டுமல்ல.

ஆள் நெருங்கினால் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போய் நம்மைத் திசைதிருப்பும். நாயும் நரியும் சிலசமயம் ஏமாறும். வரப்பைச் செப்பனிட வரும் மண்வெட்டியும் மணல்மேட்டில் ஏறும் ஜீப்பும் அந்த நடிப்பைப் பார்ப்பதில்லை. குஞ்சு பொரிந்தால் சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடி, தானே தீனி பொறுக்கும். முட்டையாக இருக்கிற அந்த மூன்று நாலு வாரம்தான் கண்டம்.

கடைசியாக ஒரு சேதி. அண்மையில் வகைப்பாட்டாளர்கள் இதன் பேரினப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். சரட்ரியஸ் போய், இப்போது அனரிங்கஸ். அலகு வலப்பக்கம் கோணியிருக்கிற நியூசிலாந்துப் பறவை ஒன்றுக்காக உருவாக்கிய பெயர் அது. நம்முடையதன் அலகு நேராகத்தான் இருக்கிறது.