தோற்றபோதும் வணங்கியவர்

2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள். ஜப்பானின் செண்டாய் நகரப் பனித்தளத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவன் சறுக்கு நடனம் பயின்றுகொண்டிருந்தான். நிலம் அதிர்ந்தது. சறுக்குக் காலணிகளைக் கழற்றவும் நேரமின்றி வெளியே ஓடினான். அடுத்த சில இரவுகளைக் குடும்பத்தாரோடு புகலிடத்தில் கழித்தான். அவனே யுசுரு ஹன்யு.

தளம் மூடப்பட்டது. ஊரே துயரில் ஆழ்ந்திருக்கையில் தான் மட்டும் ஆடுவது தகுமா என்ற வினா அவனை வாட்டியது. ஆயினும், ஊர்தோறும் காட்சி நடனங்களில் ஆடியே பயிற்சியைத் தொடர்ந்தான்.

2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபின், தம் மக்களின் மறுவாழ்வுக்குத் தம்மால் ஒன்றும் செய்ய இயலவில்லையே என்றுதான் செய்தியாளரிடம் வருந்தினார். வெற்றி பெற்றோர் வாயிலாக இத்தகைய சொல்லை நாம் அரிதாகவே கேட்கிறோம். தன்வரலாற்று நூலின் உரிமைத்தொகையையும் செண்டாய்ப் பனித்தளத்திற்கே ஈந்தார். 2018-இல் மீண்டும் தங்கம். ஆடவர் தனிப்பிரிவில் அடுத்தடுத்து இருமுறை வென்றவர் 66 ஆண்டுகளில் இவரே.

எனினும், சுவைஞர் நெஞ்சில் இவர் நிலைத்தது பொன்னால் மட்டுமன்று என்றே எண்ணுகிறோம். 2022-இல் பெய்ஜிங்கில், முதற்சுற்றில் பனியிலிருந்த சிறுகுழியொன்று காலணியைத் தடுக்க, தாவல் தவறியது. அவர் யாரையும் பழிக்கவில்லை. இறுதிச் சுற்றில், போட்டிகளில் அதுவரை எவரும் முடித்திராத நான்கரைச் சுற்றுத் தாவலை முயன்றார். (பனித்தளத்தில் கால்வைத்தறியாத நமக்கு எண்ணவே தலைசுற்றுகிறது.) விழுந்தார், எழுந்து, எஞ்சிய ஆட்டத்தையும் முழுமையாக ஆடி முடித்தார். நான்காம் இடமே கிட்டியது. அரங்கை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கிவிட்டே தளத்தை விட்டு நீங்கினார்.