பாராதைராய்டு மிகை இயக்கம்: மருந்து போதுமா, அறுவைச் சிகிச்சை வேண்டுமா?

சிறுநீரகக் கல் நம் பகுதிக்குப் புதிதல்ல. மீமிசல், கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் சரி, அறந்தாங்கி, கீரனூர், அன்னவாசல் பக்கமும் சரி, கல் எடுத்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. கல்லை எடுத்ததும் நிம்மதி அடைகிறோம். இரண்டு வருடத்தில் மறுபடியும் வந்தால் தண்ணீரைக் குறை சொல்கிறோம். வீட்டில் அம்மா எலும்பு வலி, அசதி என்று படுத்தால் 'வயசாகிவிட்டது' என்று தைலம் தேய்த்து விடுகிறோம்.

பெரும்பாலும் நாம் நினைப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் சிலருக்கு இந்த இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் கழுத்தில் இருக்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே அதற்கான முதல் தடயம் கிடைத்துவிடும். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலோருக்கு முழுமையாகக் குணப்படுத்தவும் முடியும். ஆகவே இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

பாராதைராய்டு என்றால் என்ன?

கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசி அல்லது பருப்பு அளவில் பொதுவாக நான்கு சிறிய சுரப்பிகள் உள்ளன. இவைதான் பாராதைராய்டு. தைராய்டுக்கு அருகில் இருப்பதால் இந்தப் பெயர் வந்ததே தவிர, இரண்டின் வேலையும் வேறு வேறு. தைராய்டு மாத்திரை இந்த நோயைக் குணப்படுத்தாது.

ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் வைத்திருப்பதுதான் பாராதைராய்டின் வேலை. கால்சியம் குறைந்தால் இவை பி.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கும். வைட்டமின் டி மூலம் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்ச வைக்கும். கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பி அடங்கிவிட வேண்டும். அடங்காமல் சுரந்துகொண்டே இருந்தால் எலும்பு கரைகிறது, ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது, சிறுநீரகத்தில் கல் சேர்கிறது.

இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 80 முதல் 85 பேருக்கு, நான்கில் ஒரு சுரப்பியில் மட்டும் புற்றுநோய் அல்லாத சிறு கட்டி இருக்கும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பெருத்திருக்கும். புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஆண்களைவிடப் பெண்களுக்கே, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, இது அதிகம் வருகிறது.

அறிகுறிகள்

மீண்டும் மீண்டும் சிறுநீரகக் கல், எலும்பு வலி, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவு, தசைப் பலவீனம், ஓயாத அசதி, மலச்சிக்கல், வயிற்று வலி, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மறதி, மனச்சோர்வு ஆகியவை முக்கியமானவை. மேலை நாடுகளில் வேறு காரணத்துக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே பலருக்கு இது தெரிந்துவிடுகிறது. நம் நாட்டிலோ எலும்பு பாதிக்கப்பட்ட பிறகு, கல் வந்த பிறகு கண்டறியப்படுபவர்கள் அதிகம். வைட்டமின் டி பற்றாக்குறை இங்கே பரவலாக இருப்பது எலும்புப் பாதிப்பை மேலும் கடுமையாக்குகிறது. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள்?

முதலில் ரத்தக் கால்சியம். 100 மில்லி ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். அளவு கூடியிருந்தால் மறுபடியும் எடுத்து உறுதி செய்துகொண்டு, பி.டி.ஹெச்., வைட்டமின் டி, பாஸ்பரஸ், கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கால்சியம் கூடியிருக்கும்போது பி.டி.ஹெச். குறைந்திருக்க வேண்டும். அதுவும் கூடியோ, குறையாமலோ இருந்தால் பாராதைராய்டு மீது சந்தேகம் வலுக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்ப்பதும் முக்கியம். பரம்பரையாக வரும் ஒரு வகைக் கால்சிய உயர்வுக்கு அறுவைச் சிகிச்சையே தேவையில்லை. அதைப் பிரித்தறிய இந்தப் பரிசோதனை உதவுகிறது.

கழுத்து அல்ட்ராசவுண்ட், செஸ்டமிபி ஸ்கேன் போன்றவை கெட்டுப்போன சுரப்பி எங்கே இருக்கிறது என்று அறுவை மருத்துவருக்கு வழிகாட்டுவதற்காகத்தான். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது ரத்தப் பரிசோதனையே. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

நிரந்தரத் தீர்வு அறுவைச் சிகிச்சை

1925ஆம் ஆண்டு வியன்னாவில் ட்ராம் வண்டி நடத்துநர் ஒருவர் எலும்புகள் கரைந்து படுத்த படுக்கையானார். பாராதைராய்டு குறைவாகச் சுரப்பதுதான் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் எண்ணினார்கள். அதனால் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் முதலில் அவருக்குப் பாராதைராய்டைக் கூடுதலாகச் செலுத்திப் பார்த்தார். பலன் இல்லை. பிறகு கழுத்தைத் திறந்து, பெருத்திருந்த சுரப்பியை அகற்றினார். நோயாளியின் வலி குறைந்தது, நடமாடத் தொடங்கினார். ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி வந்தது என்றாலும், கோளாறு சுரப்பது கூடுவதில்தான் என்பதை அந்தச் சிகிச்சை உலகுக்குக் காட்டியது.

இன்றும் இந்த நோயை வேரோடு போக்குவது அறுவைச் சிகிச்சை ஒன்றுதான். அனுபவமுள்ள மருத்துவர் செய்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சுரப்பி இருக்கும் இடம் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால் சிறிய கீறல் போதும். தெரியாவிட்டால் நான்கு சுரப்பிகளையும் பார்த்துச் செய்வார்கள்.

கல், எலும்பு முறிவு போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படும். அறிகுறியே இல்லாவிட்டாலும் கீழ்க்கண்டவர்களுக்கும் பரிந்துரைப்பார்கள்:

• வயது 50க்குக் கீழ் உள்ளவர்கள்
• ரத்தக் கால்சியம் இயல்பின் மேல் எல்லையைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடியவர்கள்
• டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்கள்
• சிறுநீரகச் செயல்திறன் 60க்குக் கீழ் குறைந்தவர்கள்
• ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிபவர்கள், சிறுநீரில் கால்சியம் மிக அதிகமாகப் போகிறவர்கள்

அபாயங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். குரல் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் மாறுவது அரிதாக நடக்கலாம். எலும்பு மிகவும் கரைந்தவர்களுக்கு, அறுவை முடிந்ததும் எலும்புகள் பசித்ததுபோல் கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது உதடு, விரல் நுனிகளில் மரமரப்பு, தசைப் பிடிப்பு வரும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் தருவார்கள்.

மருந்துகள் யாருக்கு?

வயது முதிர்வு, இதயக் கோளாறு போன்ற காரணங்களால் அறுவை செய்ய முடியாதவர்களுக்கு மருந்து உண்டு. சினகால்செட் ரத்தக் கால்சியத்தைக் குறைக்கும்; ஆனால் எலும்பைப் பலப்படுத்தாது. அலென்ட்ரோனேட் எலும்பைக் காக்கும். ஆனால் சுரப்பியை அடக்காது. நோயை அகற்றும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை.

பாதிப்பு லேசாக உள்ள முதியவர்களைக் கண்காணித்து வருவதும் ஏற்கத்தக்க வழிதான். ஆண்டுதோறும் கால்சியமும் சிறுநீரகச் செயல்பாடும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டுவிடுவது கண்காணிப்பு ஆகாது.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வைட்டமின் டி மிகக் குறைந்தவர்களுக்கும் பி.டி.ஹெச். கூடும். இது வேறு வகை. இவர்களுக்கு மூலக் காரணத்துக்குத்தான் முதலில் சிகிச்சை. பி.டி.ஹெச். கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அறுவை செய்யக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

'கால்சியம் கூடியிருக்கிறது' என்றதும் பாலையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. உணவில் குறைத்தால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பிலிருந்து எடுக்கும். வழக்கமான அளவில் சாப்பிடலாம். அதேசமயம் கால்சியம் மாத்திரையோ வைட்டமின் டி ஊசியோ மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரையும், மனநலத்துக்கு லித்தியமும் கால்சியத்தைக் கூட்டக்கூடியவை. இவற்றைச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதய, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நோன்பு காலத்தில் உடலில் நீர் குறைந்தால் கால்சியம் மேலும் ஏறும். எனவே ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. நோயாளிகள் வேறு நாட்களில் நோன்பு நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

விடாத வாந்தி, கடும் தாகம், குழப்பமான பேச்சு, அதிக மயக்கம் இருந்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்ற வேண்டும்.

எங்கே போவது?

முதல் பரிசோதனைக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பார்த்தால் போதும். அறுவைச் சிகிச்சை என்று முடிவானால், நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித் துறை உள்ள சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள் உள்ளன. எங்கே செய்தாலும், 'ஆண்டுக்கு எத்தனை பாராதைராய்டு அறுவை செய்கிறீர்கள்?' என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், இந்தச் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறோம். கல் திரும்பத் திரும்ப வருபவருக்கும், எலும்பு வலியில் வாடுபவருக்கும் 'கால்சியம் பார்த்தீர்களா?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்.